கேமரா பார்க்காத நிறங்கள்

பனிக்காலக் காலையில் கரைவெட்டி ஏரிக்கரைக்கு வரும் கேமராக்கள் பெரும்பாலும் தேடுவது ஒரே பறவையை. வரித்தலை வாத்து. திபெத், மங்கோலியா, லடாக் பக்கமிருந்து இமயமலையைத் தாண்டி அரியலூர் மாவட்டத்துக்கு வந்து சேரும் விருந்தாளி. சாம்பல் உடல், மஞ்சள் அலகு, வெள்ளைத் தலையின் பின்புறம் இரண்டு கறுப்புப் பட்டைகள். 2024 ஜனவரியில் இந்த ஏரி, உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது.

படமெடுப்பவருக்கு இந்த வாத்து ஒரு பரீட்சை. வெயில் சற்று ஏறியதும் உடலின் சாம்பலுக்கு எக்ஸ்போஷர் வைத்தால் தலை வெளுத்துவிடும். இறகு இறகாகத் தெரியவேண்டிய இடத்தில் வெறும் வெள்ளைத் திட்டுதான் மிஞ்சும். தலைக்கு வைத்தால் உடலும் தண்ணீரும் இருண்டுபோகும். விவரம் தெரிந்தவர்கள் இரண்டாவதைத்தான் தேர்ந்தெடுப்பார்கள். இருண்டதை வீட்டுக்குப் போய்க் கம்ப்யூட்டரில் தூக்கிவிடலாம். வெளுத்துப்போனதை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. ஆனால் அப்படித் தூக்குவதற்குப் படம், கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பாக இருக்கவேண்டும். ஜேபெக் படத்தில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள்தான். 14 பிட் ரா கோப்பில் 16,384 படிகள். இருட்டிலிருந்து மேலே இழுக்கும்போது ஜேபெக் திட்டுத் திட்டாகப் பிரிந்துபோவதும், ரா வழவழப்பாக ஏறிவருவதும் இந்த வித்தியாசத்தால்தான்.

புதிதாகக் கேமரா வாங்கியவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி, ‘எந்த எடிட்டிங் சாஃப்ட்வேர் நல்லது?’ என்பது. அதற்குப் பதில் சொல்லும்முன், அந்த மென்பொருள் உண்மையில் என்ன வேலை செய்கிறது என்று பார்த்துவிடுவது நல்லது. அதில் பலரும் அறியாத ஓர் அதிசயம் இருக்கிறது.

டிஜிட்டல் கேமராவின் சென்சாருக்கு நிறமே தெரியாது. ஒளி எவ்வளவு விழுந்தது என்பது மட்டும்தான் தெரியும். நிறம் தெரியவைக்க, ஒவ்வொரு பிக்சலின் தலையிலும் ஒரு வண்ணச் சில்லு ஒட்டியிருக்கிறார்கள். பாதி பிக்சல்களுக்குப் பச்சை, கால்வாசிக்குச் சிவப்பு, மீதிக் கால்வாசிக்கு நீலம். மனிதக் கண் பச்சையில்தான் நுணுக்கத்தை அதிகம் உணர்கிறது என்பதால் பச்சைக்கு இரட்டிப்பு இடம். கோடாக் நிறுவனத்தில் வேலை பார்த்த பிரைஸ் பேயர் வகுத்த ஏற்பாடு இது. 1976-ல் காப்புரிமை கிடைத்தது. இன்று செல்போன் முதல் பெரிய கேமரா வரை ஏறக்குறைய எல்லாமே இதன்படிதான் இயங்குகின்றன.

கணக்குப் போட்டுப் பார்த்தால் திகைப்பாக இருக்கும். 24 மெகாபிக்சல் கேமராவில் 2.4 கோடி பிக்சல்கள். முழு வண்ணப் படத்துக்கு ஒவ்வொரு பிக்சலுக்கும் மூன்று எண்கள் வேண்டும்; மொத்தம் 7.2 கோடி. கேமரா அளந்ததோ 2.4 கோடிதான். மீதி 4.8 கோடி எண்களையும் பக்கத்துப் பிக்சல்களைப் பார்த்து மென்பொருள்தான் ஊகித்து நிரப்புகிறது. மார்கழி வாசலில் வைத்த புள்ளிகளைப்போல, சென்சார் புள்ளிகளை மட்டும் வைத்துவிட்டுப் போய்விடுகிறது. கோலத்தை இழுத்து முடிப்பது மென்பொருளின் கை. ‘எடிட் செய்யாத அசல் படம்’ என்று பெருமையாகச் சொல்கிறோம். அந்தப் படத்திலும் மூன்றில் இரண்டு பங்கு நிறம் கேமராவுக்குள் இருக்கும் சிறு கம்ப்யூட்டர் போட்டதுதான்.

ஊகம் என்றால் தவறும். நெருக்கமான கோடுகளும் சின்னக் கட்டங்களும் திரும்பத் திரும்ப வரும் இடங்களில் அது தடுமாறுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். கல்யாண வீட்டில் எடுத்த படத்தைப் பெரிதாக்கினால், சிறு கட்டம் போட்ட பட்டுப்புடவையில் இல்லாத ஊதாவும் பச்சையும் அலை அலையாக ஓடும். மாப்பிள்ளையின் மெல்லிய கோடு போட்ட சட்டையிலும் அப்படியே. துணியில் கோளாறு இல்லை, லென்ஸிலும் இல்லை. அந்தக் கோடுகளின் நெருக்கம் சென்சாரின் கட்டங்களோடு மோதியதில், நடுவில் இருந்த நிறத்தை மென்பொருள் தப்பாக ஊகித்திருக்கிறது.

இந்த ஊகத்தைத் திருத்தமாகச் செய்யும் முறைகளில் ஒன்றுக்கு ‘அமேஸ்’ என்று பெயர். அதை எழுதியவர் எமில் மார்ட்டினெக். சிகாகோ பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர். 1985-ல் சரக் கோட்பாட்டின் ஒரு முக்கிய வடிவத்தைக் கண்டறிந்த நால்வரில் ஒருவர். பிரபஞ்சத்தின் அடிப்படைத் துகள்களைப் பற்றிச் சிந்திக்கும் ஒரு மனிதர், கேமரா சென்சாரின் கட்டங்களையும் உட்கார்ந்து ஆராய்ந்து, அதன் பலனை எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்திருக்கிறார். ‘ராதெரபி’, ‘டார்க்டேபிள்’ என்ற இரண்டு இலவச மென்பொருள்களிலும் அந்த முறை இருக்கிறது. பெரம்பலூரில் ஒரு கல்லூரி மாணவர் ஒரு ரூபாய் செலவில்லாமல் இறக்கிக்கொண்டு, தன் படத்துக்கு எந்த ஊக முறை பொருந்துகிறது என்று மாற்றி மாற்றிப் பார்க்கலாம். விலை கொடுத்து வாங்கும் பல மென்பொருள்களில் இந்தத் தேர்வு பயனர் கையிலேயே இல்லை.

இனி எதைத் தேர்ந்தெடுப்பது என்ற பேச்சு. ஃபோட்டோஷாப்பை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. தாமஸ் நோல், ஜான் நோல் என்ற சகோதரர்களின் படைப்பு. 1990-ல் முதல் பதிப்பு வந்தது. அது திறக்கும்போது திரையில் ஓடும் பெயர்ப் பட்டியலில் சீதாராமன் நாராயணன் என்ற பெயரைப் பார்த்து மகிழ்ந்த தமிழர்கள் ஏராளம். 2013 முதல் அடோபி நிறுவனம் புதிய பதிப்புகளைச் சந்தா முறைக்கு மாற்றிவிட்டது. மாதாமாதம் கட்டவேண்டும், நிறுத்தினால் நின்றுவிடும். தொழிலாகச் செய்பவருக்கு அது கட்டுப்படியாகலாம். ஆண்டுக்கு நான்கு தடவை கரைவெட்டிக்குப் போகிறவருக்குத் தேவையில்லை.

சிறு ஊர் ஸ்டூடியோக்களில் 2002-ல் வந்த ஃபோட்டோஷாப் 7.0 இன்னமும் உயிரோடு இருக்கிறது. டெம்ப்ளேட்டில் படத்தை வெட்டி ஒட்டி ஆல்பம் போட அது போதும் என்று வைத்திருக்கிறார்கள். வெளிவந்தபோது ரா கோப்பைத் திறக்கும் வசதி அதில் கிடையாது. அதனால் லட்ச ரூபாய்க் கேமராவையும் ஜேபெக்கில் வைத்தே கல்யாணம் எடுக்கிறார்கள். போதாததற்கு அது கிராக் செய்த பிரதியாகவும் இருந்துவிட்டால், அதோடு வரும் வைரஸ் மொத்த ஆல்பத்தையும் விழுங்கிவிடும் ஆபத்து வேறு.

இவர்கள் முதலில் செய்யவேண்டியது, கேமரா கம்பெனியே இலவசமாகக் கொடுப்பதை வாங்கிப் பார்ப்பது. நிகான் வைத்திருப்பவருக்கு ‘என்எக்ஸ் ஸ்டூடியோ’, கேனானுக்கு ‘டிஜிட்டல் ஃபோட்டோ புரொஃபஷனல்’, சோனிக்கு ‘இமேஜிங் எட்ஜ்’. அந்தந்தக் கம்பெனியின் நிறத்தை அப்படியே கொண்டுவருவதில் இவற்றை மிஞ்ச ஆளில்லை. இது கைக்குப் பழகியபின் டார்க்டேபிளுக்குப் போகலாம். வெட்டுவது, ஒட்டுவது, எழுத்துப் போடுவதற்கு ‘கிம்ப்’ இருக்கிறது. செல்போனோடு நிற்பவர்களுக்கு ‘ஸ்னாப்சீட்’ இலவசம். டிஎன்ஜி வகை ரா கோப்பையும் அது திறக்கும்.

டார்க்டேபிளில் ஒரு சங்கதியைத் தெரிந்துகொள்வது அவசியம். அது அசல் கோப்பைத் தொடுவதே இல்லை. ‘வெளிச்சத்தை இவ்வளவு கூட்டு, இங்கே வெட்டு’ என்று செய்த வேலைகளைக் குறித்துவைத்து, படத்துக்குப் பக்கத்திலேயே சில கிலோபைட் அளவில் ஒரு சின்ன எக்ஸ்எம்பி கோப்பாக வைக்கும். ‘இதென்ன குப்பை’ என்று அதை அழிப்பவர்கள் உண்டு. படத்தை வேறு டிஸ்க்குக்கு மாற்றும்போது அதையும் சேர்த்தே எடுத்துப் போகவேண்டும். இல்லாவிட்டால் செய்த வேலையின் குறிப்பு படத்தோடு வராது.

கருவி கிடைத்துவிட்டது. அதை எங்கே நிறுத்துவது என்பதுதான் கஷ்டமான பாடம். அதைக் கற்றுக்கொள்ள அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களைவிட நல்ல பள்ளிக்கூடம் அமையாது.

கங்கைகொண்ட சோழபுரத்துக்குப் போகலாம். வடக்கு வாசலருகே இருக்கும் சண்டேச அனுக்கிரக மூர்த்தி சிற்பத்தைப் படமெடுக்காதவர் இல்லை. நேர்வெயில் விழாத நேரத்தில் அது நீல வானத்தின் ஒளியில்தான் நிற்கும். கேமராவை வெயிலுக்கான வைட் பேலன்ஸில் வைத்து எடுத்தால் கல் நீலம் பாரித்துப்போகும். ரா கோப்பாக இருந்தால் ஒரு ஸ்லைடரில் சரிசெய்துவிடலாம். அத்தோடு நிறுத்தவேண்டும். பலர் நிறுத்துவதில்லை. மஞ்சளைத் தள்ளிக்கொண்டே போய்க் கருங்கல்லைத் தங்கத் தகடாக்கிவிடுகிறார்கள்.

விமானத்திலும் இதே கதை. அண்ணாந்து எடுத்தால் கோயில் பின்னால் சாய்வதுபோல விழும். அதை நிமிர்த்தப் பல மென்பொருள்களில் வசதி உண்டு. ஆனால் தஞ்சை விமானத்தின் நேர்கோட்டுக்கு மாறாக, இந்த விமானம் உள்வாங்கி வளைந்து மேலேறும். ராஜேந்திர சோழன் கட்டிய இந்தக் கோயிலின் அழகே அந்த வளைவுதான். தானியங்கிப் பொத்தானை அழுத்தினால், விமானத்தின் இயல்பான ஒடுக்கத்தையே பிழை என்று எடுத்துக்கொண்டு மேல்பகுதியை அகட்டிவிட வாய்ப்பு இருக்கிறது. கோட்டை நாமே வரைந்து காட்டும் வசதியைத் திறந்து, கீழ்த்தளச் சுவரின் அரைத்தூண்கள் இரண்டின் மேல் கோடு போடவேண்டும். செங்குத்தாகக் கட்டப்பட்டவை அவைதான். அவை நிமிர்ந்தால் போதும், வளைவு தானாகத் தன் இடத்துக்கு வரும்.

சாத்தனூர் கல்மரத்துக்கும் இதே நியாயம். புவியியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன் 1940-ல் உலகுக்குத் தெரிவித்த, 18 மீட்டருக்கும் மேல் நீளமான, கோடிக்கணக்கான ஆண்டுப் பழைய மரம் அது. நிறச் செறிவைக் கூட்டி அதைச் செம்மரமாக்குவதில் யாருக்கு என்ன லாபம்? காரை கிராமத்து மண்ணின் காவியும் அரியலூர்ச் சுண்ணாம்புக்கல்லின் வெளிறலும் பார்வையாளருக்குக் காட்சி. புவியியல் மாணவருக்கு அவை தகவல். நிறத்தைத் திரித்த படம் பிறகு ஆய்வுக்கு ஆகாது. 1982 பிப்ரவரியில் நேஷனல் ஜியாக்ரஃபிக் இதழ், அட்டையின் உயரத்துக்குப் பொருந்தவேண்டும் என்று எகிப்துப் பிரமிடுகளை நெருக்கமாக நகர்த்தி அச்சிட்டது. ஃபோட்டோஷாப் பிறப்பதற்கு முந்தைய அந்தத் தவறு, நாற்பது ஆண்டு கடந்தும் இதழியல் வகுப்புகளில் பேசப்படுகிறது.

கல்லுக்கே இவ்வளவு கவலை என்றால் மனிதருக்கு எவ்வளவு இருக்கவேண்டும்? நம் கல்யாண ஆல்பங்களில் மணப்பெண் அவர் நிறத்தில் இருப்பது அபூர்வமாகிவிட்டது. மென்பொருளின் கண்ணில் மனிதத் தோல், கறுப்போ மாநிறமோ சிவப்போ, ஆரஞ்சு நிறப் பட்டையில்தான் விழுகிறது. டிசைனர் அந்த ஆரஞ்சின் வெளிச்சத்தைக் கூட்டுவார். முகம் வெளுக்கும். அதோடு கையின் மருதாணியும் வெளிறும், புதுத்தாலியின் பொன்னும் மங்கும். அவையும் அதே பட்டையில் இருப்பதுதான் காரணம். மணமகள் ஆசையாக வைத்துக்கொண்ட மருதாணியை ஆல்பத்தில் தேடிப்பார்க்க வேண்டியிருக்கிறது.

இது கம்ப்யூட்டர் கொண்டுவந்த பழக்கம் அல்ல. ஃபிலிம் காலத்திலேயே நெகட்டிவில் பென்சில் வைத்து ‘டச்சிங்’ செய்தார்கள். கோடாக் நிறுவனமும் வெள்ளைத் தோல் பெண்ணின் படம் போட்ட அட்டையை வைத்துத்தான் உலகமெங்கும் லேப்களின் நிறத்தைச் சரிபார்க்கச் சொன்னது. அந்த அளவுகோலில் கறுத்த முகங்கள் சரியாக விழாமல் போனதில் வியப்பில்லை. உலகம் இப்போது அதைத் திருத்திக்கொண்டு வருகிறது. கறுத்த தோலையும் உள்ளபடி காட்டவென்றே 2021-ல் கூகுள் தன் போன் கேமராவை மாற்றியமைத்தது. கறுத்த முகத்தை உள்ளபடி பதிவுசெய்யும் கேமரா நம் கைக்கு வந்திருக்கிற நேரத்தில், நாமே அதை உட்கார்ந்து வெளுத்துக்கொண்டிருக்கிறோம்.

பருவையும் கண்ணுக்குக் கீழ் களைப்பையும் எடுக்கலாம். அவை நாலு நாளில் போய்விடுபவை. மச்சமும் நிறமும் அந்த ஆளுக்கே உரியவை.

அரியலூர், பெரம்பலூர் ஸ்டூடியோக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முகூர்த்தத்தை ரா கோப்பில் எடுங்கள். அசலை இரண்டு டிஸ்க்கில் வையுங்கள். ஆல்பம் கொடுத்த கையோடு அழித்துவிடாதீர்கள். மணப்பெண் தன் வாயால் கேட்காதவரை அவர் நிறத்தின் மேல் கை வைக்காதீர்கள். கேட்டால், தொடாத படம் ஒன்றையும் பக்கத்தில் அச்சிட்டுக் காட்டிவிட்டு, அதன்பிறகு அவரே முடிவு செய்யட்டும்.