பச்சரிசியும் படபடப்பும்

அத்தை பச்சரிசி மெல்லுவதை வீட்டில் யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டே ஒரு பிடி வாயில் போட்டுக்கொள்வார். சாப்பிட்டு முடித்த பிறகும் டப்பாவைத் திறந்து இன்னொரு பிடி. கேட்டால் "சின்ன வயசுப் பழக்கம்" என்பார். போன ஆடி மாதம் ஒருநாள் மாடிப்படியில் பாதி ஏறியவர் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். மூச்சு வாங்கியது. நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. வயது 47. "அடைப்புதான் போலிருக்குப்பா" என்று என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

ஈசிஜி எடுத்தார்கள், எக்கோ பார்த்தார்கள். இதயத் தசை சேதமானால் சில மணி நேரத்தில் ரத்தத்தில் கசியத் தொடங்கும் டிரோபோனின் என்ற புரதத்தை இடைவெளி விட்டு இரண்டு முறை அளந்தார்கள். எல்லாம் இயல்பு. மாலையில் நான்கு பக்க ரிப்போர்ட் வந்ததும் மாமா நேராகக் கொலஸ்டிரால் பக்கத்தைத்தான் திருப்பினார். நெஞ்சு வலி என்றாலே கொழுப்பு என்று நம் எல்லோர் மனதிலும் பதிந்திருக்கிறது. மொத்தம் 168, எல்.டி.எல். என்ற கெட்ட கொலஸ்டிரால் 96. "அப்பாடா" என்றார். முதல் பக்கத்து முதல் வரியில் கொட்டை எழுத்தில் இருந்தது இன்னோர் எண்: ஹீமோகுளோபின் 6.8. "ரத்தம் கொஞ்சம் கம்மி. பேரீச்சம்பழம் சாப்பிட்டா ஏறிடும்" என்று அதைத் தாண்டிப் போய்விட்டார்.

அத்தையின் இதயம் ஏன் அப்படி அடித்துக்கொண்டது என்பதற்கான பதில் அந்த வரியில்தான் இருந்தது.

ஒரு சிவப்பணுவுக்குள் ஏறக்குறைய 27 கோடி ஹீமோகுளோபின் மூலக்கூறுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் நான்கு இரும்பு அணுக்கள். ஓர் இரும்பு அணு ஓர் ஆக்சிஜன் மூலக்கூறைப் பற்றிக்கொள்ளும். கண்ணுக்கே தெரியாத ஒரே ஒரு சிவப்பணுவால் நூறு கோடிக்கு மேற்பட்ட ஆக்சிஜன் மூலக்கூறுகளைச் சுமக்க முடியும் என்றாகிறது. இந்த மூலக்கூறின் வடிவத்தைக் கண்டறிய மாக்ஸ் பெருட்ஸ் கேம்பிரிட்ஜில் 1937இல் உட்கார்ந்தார். விடை கிடைத்தபோது 1959 ஆகியிருந்தது. 1962இல் நோபல் பரிசு வந்தது. ஒரு மூலக்கூறுக்காக 22 ஆண்டுகள்!

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு கிராம் ஹீமோகுளோபின் சுமார் 1.34 மில்லிலிட்டர் ஆக்சிஜனை ஏந்தும். ரிப்போர்ட்டில் வரும் எண், ஒரு டெசிலிட்டர், அதாவது 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் எத்தனை கிராம் என்பது. 13.5 என்றால் அந்த ரத்தத்தில் 18 மில்லிலிட்டர் ஆக்சிஜன் இருக்கும். அத்தையின் 6.8இல் ஒன்பதுதான். சும்மா இருக்கும்போது இதயம் நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் ரத்தத்தைத் தள்ளுகிறது. அந்த வேகத்தில் முன்பு 900 மில்லிலிட்டர் ஆக்சிஜன் உடலுக்குள் சென்றது. இப்போது 450 போகிறது. உட்கார்ந்திருக்கும் உடலுக்கு நிமிடத்துக்கு 250 போதும். அதனால்தான் திண்ணையில் பேசிக்கொண்டிருக்கும்போது அத்தைக்கு ஒன்றும் தெரியவில்லை. படி ஏறும்போது தசைகள் பல மடங்கு கேட்கும். கொடுக்க முக்கிய வழி, பாதிச் சரக்கு ஏற்றிய வண்டியை இரண்டு மடங்கு நடை ஓட்டுவது. அந்த ஓட்டம்தான் படபடப்பு.

இதில் இதயத்துக்கு மட்டும் ஒரு தனிச் சங்கடம் உண்டு. மற்ற உறுப்புகள் தங்களிடம் வரும் ஆக்சிஜனில் சராசரியாக நாலில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டு மீதியை விட்டுவிடுகின்றன. தேவை கூடினால் கூடுதலாக உறிஞ்சிக்கொள்ளலாம். இதயத் தசையோ சும்மா இருக்கும்போதே முக்கால் பங்கை நெருங்கி எடுத்துவிடுகிறது. அதற்கு மேல் உறிஞ்ச அதிகம் மிச்சமில்லை. ரத்த ஓட்டம் கூடினால்தான் உண்டு. ஊருக்கெல்லாம் உழைக்கிற இதயம் தன் பங்கில் கையிருப்பு வைத்துக்கொள்வதே இல்லை. இதயக் குழாயில் ஏற்கெனவே பாதி அடைப்பு இருந்து, அதுவரை அது வலியே தராமலிருந்த ஒருவருக்குக்கூட, ஹீமோகுளோபின் இறங்கியதும் நெஞ்சு வலி தொடங்குவது இதனால்தான். ரத்தசோகைப் பக்கத்தையும் இதயப் பக்கத்தையும் நாம் தனித்தனியாகப் புரட்டுகிறோம். உடலில் அவை இரண்டும் ஒரே கணக்கு.

உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோலில் ஆண்களுக்கு 13, பெண்களுக்கு 12, கர்ப்பிணிகளுக்குச் சுமார் 11. இவற்றுக்குக் கீழே போனால் ரத்தசோகை. 2019–21இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, நம் நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை இருக்கிறது. பாதிக்கு மேல். இவ்வளவு பேருக்கு இருப்பதாலேயே அசதியும் மூச்சு வாங்குவதும் பெண் பிறவிக்கு உரியவை என்பதுபோல் ஆகிவிட்டது. அது என்னை மிகவும் வருத்துகிறது.

ஆனால் ஹீமோகுளோபின் எண், ரத்தம் குறைந்திருக்கிறது என்று மட்டுமே சொல்லும். ஏன் என்று சொல்லாது. அதற்கு அடுத்த சில வரிகளுக்கு இறங்க வேண்டும். அத்தையின் தாளில் எம்.சி.வி. 62 என்றிருந்தது. ஒரு சிவப்பணுவின் சராசரிப் பருமன் அது. 80 முதல் 100 வரை இயல்பு. அளவு ஃபெம்டோலிட்டரில். ஒரு மில்லிலிட்டரை லட்சம் கோடி பங்காக்கினால் அதில் ஒரு பங்கு.

இத்தனை சிறியதை எப்படி அளந்தார்கள்? ஒரு காலத்தில் கட்டம் போட்ட கண்ணாடிச் சில்லில் ரத்தத்தைப் பரப்பி, நுண்ணோக்கியில் கண் வலிக்க ஒவ்வொன்றாக எண்ணினார்கள். அமெரிக்கரான வாலஸ் கோல்ட்டர் அதை மாற்றினார். உப்புநீரில் மின்சாரம் எளிதாகப் பாயும். ரத்த அணுவின் வழியே பாயாது. உப்புநீரில் கலந்த அணுக்களை ஒரு நுண்ணிய துளை வழியே ஒவ்வொன்றாகச் செலுத்தினால், ஒவ்வோர் அணுவும் கடக்கும் கணத்தில் மின்தடை சட்டென்று கூடிக் குறையும். எத்தனை துடிப்புகளோ அத்தனை அணுக்கள். துடிப்பின் உயரம் அணுவின் பருமன். 1953இல் இதற்குக் காப்புரிமை கிடைத்தது. சிகரெட் பெட்டியைச் சுற்றிய செலோபேன் தாளில் சுட்ட ஊசியால் குத்தியதுதான் முதல் துளை என்பார்கள். இன்று நம் ஊர் லேபுகளில் இருக்கும் கருவிகள் பலவும் அதே துளையின் பேரப்பிள்ளைகள்தாம்.

அணு சிறுத்திருந்தால் பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறைவு. இல்லையென்றால் பரம்பரையாக வரும் தலசீமியாக் கூறு. இரண்டையும் பிரித்துப் பார்க்க ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது: எம்.சி.வி.யை, மில்லியனில் கொடுத்திருக்கும் சிவப்பணு எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். அத்தைக்கு 62ஐ 3.6ஆல் வகுத்தால் 17. விடை 13க்கு மேல் வந்தால் இரும்புக் குறைவின் பக்கம், கீழே வந்தால் தலசீமியாக் கூறின் பக்கம் சந்தேகம் சாயும். இரும்பு இல்லாத எலும்பு மஜ்ஜை அணுக்களைச் சிறிதாகவும் குறைவாகவும் செய்கிறது. தலசீமியாக் கூறு உள்ள மஜ்ஜை சிறிதாக, ஆனால் நிறையச் செய்கிறது. இது தடம் காட்டும் கணக்குத்தான். தீர்ப்புக்கு வேறு பரிசோதனை உண்டு.

அணு பெருத்திருந்தால் ஃபோலிக் அமிலமோ வைட்டமின் பி12ஓ குறைந்திருக்கலாம். இந்தக் கதையில் சென்னைக்கும் குன்னூருக்கும் இடம் உண்டு. லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1928இல் பம்பாய்க்கு வந்தார். நெசவாலைகளில் வேலை செய்த ஏழைப் பெண்கள் கர்ப்ப காலத்தில் கடுமையான ரத்தசோகையால் வாடினார்கள். அவர்களின் சிவப்பணுக்கள் ஊதிப் பெருத்திருந்தன. 1929இல் அவர் குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் ஆய்வைத் தொடர்ந்தார். 1931இன் தொடக்கத்தில் சென்னையில், அந்நாளில் கோஷா ஆஸ்பத்திரி என்று வழங்கிய, இன்றைய கஸ்தூர்பா காந்தி அரசு மருத்துவமனையில் பணியாற்றினார். மார்மைட் என்ற மலிவான ஈஸ்ட் சாறு அந்தப் பெண்களைத் தேற்றியது. அதில் எந்தப் பொருள் வேலை செய்கிறது என்று அவருக்கே தெரியாது. 1941இல் வேறு ஆய்வாளர்கள் நான்கு டன் பசலைக்கீரையிலிருந்து அதைப் பிரித்தெடுத்து, இலை என்ற பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து ஃபோலிக் அமிலம் என்று பெயர் வைத்தார்கள். இன்று ஆரம்பச் சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் மாத்திரையில் இரும்போடு சேர்ந்திருப்பது அதுதான்.

இரும்பும் பி12உம் ஒரே ஆளிடம் குறைந்திருந்தால் சிறியதும் பெரியதும் கலந்து, சராசரி 88 என்று சாதுவாக நிற்கும். அப்போது ஆர்.டி.டபிள்யூ. என்ற வரியைப் பார்க்க வேண்டும். அணுக்களின் பருமன் ஒன்றுக்கொன்று எவ்வளவு வேறுபடுகிறது என்பதைச் சொல்வது அது.

அத்தைக்கு ஃபெரிட்டினும் பார்த்தார்கள். உடலின் இரும்புக் கிடங்கு எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று காட்டும் எண். 15க்குக் கீழே போனால் கிடங்கு காலி, அத்தைக்கு 4. உடலில் மொத்தமே மூன்று நான்கு கிராம் இரும்புதான் இருக்கிறது. சிவப்பணு 120 நாள் வாழ்ந்து முடிந்ததும் மண்ணீரல் அதை உடைத்து இரும்பை மஜ்ஜைக்குத் திருப்பி அனுப்புகிறது. தினமும் 20 மில்லிகிராமுக்கு மேல் இப்படிச் சுழல, சாப்பாட்டிலிருந்து சேர்வது ஒன்றிரண்டு மில்லிகிராம். ஒரு மில்லிலிட்டர் ரத்தம் வெளியேறினால் அரை மில்லிகிராம் இரும்பு போய்விடும். மாதவிடாயில் 80 மில்லிலிட்டர் போனால் 40 மில்லிகிராம். அத்தைக்கு இரண்டு ஆண்டுகளாகவே அதிகம் போய்க்கொண்டிருந்தது. "எல்லாருக்கும் உள்ளதுதானே" என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை. கர்ப்பப்பையில் நார்க்கட்டி இருந்தது. பேரீச்சம்பழத்தால் நிரப்பக்கூடிய பள்ளமா அது? பச்சரிசி, மண், ஐஸ் கட்டி என்று எதையாவது மென்றுகொண்டே இருக்கத் தோன்றுவதும் இரும்புக் குறைவின் ஓர் அடையாளம்தான். பல காலமாக அந்த டப்பா எங்களுக்குச் சேதி சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.

ஃபெரிட்டினிலும் ஒரு சூட்சுமம் உண்டு. உடலில் அழற்சி இருந்தால் கிடங்கு காலியாக இருந்தாலும் எண் ஏறி நிற்கும். இதயம் பலவீனப்பட்டவர்களுக்கு இது அடிக்கடி நேர்வதால், அவர்களுக்கு 100க்குக் கீழே போனாலே இரும்புக் குறைவு என்று மருத்துவர்கள் கொள்கிறார்கள். 2009இல் வெளியான ஃபேர்-ஹெச்எஃப் ஆய்வில், அப்படிப்பட்ட நோயாளிகளுக்கு ரத்தக்குழாய் வழியே இரும்பு ஏற்றியபோது, ரத்தசோகை இல்லாதவர்களும் கூடுதல் தூரம் நடந்தார்கள். இதயத் தசை தன் வேலைக்காகவும் இரும்பைக் கேட்கிறது.

இந்தக் கணக்கு மறுபக்கமும் ஓடும். இதய நோய்க்காக ஆஸ்பிரின் சாப்பிடுபவருக்கு இரைப்பையில் சொட்டுச் சொட்டாகக் கசிந்து ஹீமோகுளோபின் இறங்குவதுண்டு. இதைவிட வியப்பான ஒன்றை 1958இல் எட்வர்டு ஹைடு என்ற அமெரிக்க மருத்துவர் ஒரு சிறு கடிதத்தில் எழுதினார்: மகாதமனி வால்வு சுருங்கிய முதியவர்கள் சிலருக்குக் காரணம் தெரியாமல் குடலில் ரத்தம் கசிகிறது. வால்வுக்கும் குடலுக்கும் என்ன உறவு? பல ஆண்டுகள் கழித்தே விளங்கியது. குறுகிய வால்வின் இடுக்கில் ரத்தம் பீறிட்டுப் பாயும்போது, ரத்தம் உறைய உதவும் நீண்ட புரதச் சங்கிலி ஒன்று இழுபட்டு விரிகிறது; விரிந்ததை ஒரு நொதி வெட்டிவிடுகிறது. குடலின் மெல்லிய குழாய்கள் கசியும்போது அடைக்கத் தேவையான சங்கிலி இல்லை. வால்வை மாற்றினால் பலருக்குக் குடல் கசிவு நின்றுவிடுகிறது. இதயத்தில் பழுது, குடலில் கசிவு, முதல் தடயம் ஹீமோகுளோபின் வரியில்.

இனி மாமா நிம்மதியடைந்த பக்கம். எல்.டி.எல். 96ஐ அந்த லேப் அளக்கவே இல்லை, கணக்குப் போட்டது. மொத்தக் கொலஸ்டிராலான 168இலிருந்து எச்.டி.எல். 44ஐக் கழித்து, டிரைகிளிசரைடு 140இல் ஐந்தில் ஒரு பங்கான 28ஐயும் கழித்தால் 96. ஃப்ரீடுவால்டும் கூட்டாளிகளும் 1972இல் வெளியிட்ட சூத்திரம். டிரைகிளிசரைடு 400ஐத் தாண்டினால் இந்தக் கணக்கு தவறிவிடும். அப்போது நேரடியாக அளக்கச் சொல்ல வேண்டும்.

அதே தாளில் மூன்று மாதச் சர்க்கரை என்று நாம் சொல்லும் ஹெச்பிஏ1சி 6.2 என்றிருந்தது. நீரிழிவின் வாசல்படி. மாத்திரை தொடங்கலாமா என்ற பேச்சுகூட வந்தது. ஹீமோகுளோபினில் எவ்வளவு பங்கு சர்க்கரை ஒட்டியிருக்கிறது என்பதே அந்த எண். சிவப்பணுவின் ஆயுள்தான் அதற்குக் கடிகாரம். இரும்புக் குறைவில் கடிகாரம் பிசகி, சர்க்கரை ஏறாமலே எண் ஏறும். ரத்தம் சமீபத்தில் நிறைய இழந்திருந்தால் மஜ்ஜை புது அணுக்களை இறக்கிவிட, எண் பொய்யாகத் தாழும். அத்தையின் மருத்துவர் பொறுக்கச் சொன்னார். ட்ரிப்ஸில் இரும்பு ஏற்றி, கட்டிக்கும் வைத்தியம் பார்த்து, ஐந்து மாதம் கழித்து எடுத்தபோது ஹெச்பிஏ1சி 5.6. ஹீமோகுளோபின் 12.4.

கொட்டை எழுத்தில் வருவதெல்லாம் நோயும் அல்ல. நலமான நூறு பேரில் நடுவிலுள்ள 95 பேரின் எண்களை வைத்தே பெரும்பாலான இயல்பு வரம்புகள் வகுக்கப்படுகின்றன. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இருபது பரிசோதனைகள் செய்தால், முழு நலமாக உள்ளவருக்கும் ஒன்றாவது வரம்பு தாண்ட 64 விழுக்காடு வாய்ப்பு. மெலிதான எழுத்தில் வருவதெல்லாம் நலமும் அல்ல. போன வாரம் அத்தை தன் மகளையும் அதே லேபுக்கு அழைத்துப் போனார். கல்லூரியில் படிக்கிறாள், மதியம் ஆனால் தலைவலி, சாயங்காலம் ஆனால் அசதி. ஹீமோகுளோபின் 12.3 என்று அடக்கமாக வந்தது. "பாருங்க, எனக்கு நார்மல்" என்றாள். அத்தை மூன்றாம் பக்கத்தைத் திருப்பி, தானே கேட்டு எழுத வைத்த வரியில் விரலை வைத்தார். ஃபெரிட்டின் 8.