கோதுமையின் கதை – 9: எங்கே போட்டாலும் விளையுமா?

துரு நோய் தின்ற மெக்சிகோ வயல்களோடு சென்ற வாரம் நிறுத்தியிருந்தோம். அங்கே துரு தாங்கும் ரகம் தேடிய ஆய்வாளர் நார்மன் போர்லாக்குக்கு அவசரம். ஒரு ரகத்தை உருவாக்கப் பத்து ஆண்டுக்கு மேல் ஆகும். அதைப் பாதியாக்க வேண்டும்.

வடக்கே சொனோராவில் யாக்கி பள்ளத்தாக்கு. கடல் மட்டத்தை ஒட்டிய வறண்ட பூமி, வாய்க்கால் பாசனம் உண்டு. நவம்பரில் விதைத்து, வசந்தத்தில் அறுத்த விதையை மூட்டை கட்டித் தெற்கே தொலுகாவுக்குக் கொண்டுபோனார்: சுமார் 2,600 மீட்டர் உயரம், கோடை மழை, குளிர். ஆண்டுக்கு இரண்டு தலைமுறை. அறுத்த விதைக்கு ஓய்வு வேண்டும் என்றன அன்றைய பாடங்கள். மேலதிகாரி ஜார்ஜ் ஹாரர் மறுத்தார். போர்லாக் ராஜினாமா வரை போன பிறகுதான் வழி விட்டார்.

நேரம் மிச்சமானது. அவர் தேடாத ஒன்றும் சேர்ந்து வந்தது. கோதுமைக்குப் பகல் நீண்டால்தான் பூக்கும் பழக்கம் உண்டு. பகலின் நீளம் இரண்டு ஊரிலும் வேறு. இரண்டிலும் தேறியவை அந்தப் பழக்கத்தை விட்ட செடிகள் மட்டுமே. ஒரே விதை பல நாடுகளில் கதிர் விட இதுவே முக்கியக் காரணம்.

சரி, இப்படிப் பல ஊர்களிலும் தேறும் 'நிலையான ரகம்' என்பதை எப்படி அளப்பது? 1963-ல் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் ஃபின்லே, வில்கின்சன் இருவரும் 277 பார்லி ரகங்களை வைத்து வழி சொன்னார்கள். ஓர் ஊரில் எல்லா ரகங்களும் கொடுத்த சராசரி மகசூல்தான் அந்த ஊரின் தரம். மழைமானி வேண்டாம், மண் பரிசோதனை வேண்டாம். பயிரே ஊருக்கு மார்க் போட்டுவிடும். இந்த எளிமை மேல் எனக்குத் தீராத மயக்கம்.

அவர்கள் கணக்கைச் சுருக்கிச் சொன்னால் இப்படி: ஊர்ச் சராசரி ஒரு மூட்டை கூடும்போது ரகமும் ஒரு மூட்டை கூட்டினால் சரிவு 1. ஒன்றரை கூட்டினால் அது வசதியான வீட்டுப் பிள்ளை; செழித்த இடத்தில் ஓஹோ, காய்ந்த இடத்தில் படுத்துவிடும். அரை மூட்டைதான் என்றால் வறட்சியில் மானம் காக்கும், ஆனால் உரத்தைக் கொட்டினாலும் அசையாது. எல்லா ஊரிலும் குறைவாக விளைவதும் ஒரு நிலைத்தன்மைதானே! ஆகவே சரிவை மட்டும் பார்த்து விதை வாங்கக் கூடாது. சராசரி மகசூலையும் கேட்க வேண்டும். 1966-ல் அமெரிக்காவின் எபர்ஹார்ட்டும் ரசலும் மூன்றாவது கேள்வியைச் சேர்த்தார்கள்: அந்தக் கோட்டிலிருந்து ரகம் எவ்வளவு தாறுமாறாக விலகுகிறது?

அதே 1966-ல் இந்தியா போர்லாக்கின் மெக்சிகோ விதையை 18,000 டன் இறக்கியது. பஞ்சாபின் இறவை வயல்கள் பொன்னாயின. உரமும் தண்ணீரும் இருந்த இடம் அது. வானம் பார்த்த நிலத்துக்காரர்கள் 1965-ல் வெளியான நெட்டை ரகமான சி 306-ஐ அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் விடவில்லை.

(அடுத்த வாரம்: சிவப்பு மணியைச் சப்பாத்திக்காரர்கள் ஒதுக்கிய கதை)