மனம் நோயுறும்போது...



காய்ச்சல் கண்டால் மாத்திரை வாங்குகிறோம். சர்க்கரை கூடினால் மருத்துவரிடம் ஓடுகிறோம். வீட்டில் ஒருவருடைய மனம் நோயுற்றால் மட்டும் 'திமிர்', 'சோம்பல்', 'விசுவாசக் குறைவு', 'பேய்க் கோளாறு' என்று ஏதோ ஒரு பெயர் வைத்து மாதக்கணக்கில் தள்ளிப்போடுகிறோம். நோய் முற்றுகிறது. சில வேளைகளில் உயிரே போய்விடுகிறது.

இறைவாக்கினர் எலியாவை நினைத்துப் பாருங்கள். கர்மேல் மலையில் ஆண்டவருக்காகத் தனி ஆளாக நின்றவர், சில நாள்களில் சூரைச் செடியின் அடியில் அமர்ந்து சாவை வேண்டுகிறார் (1 அர 19). அவருக்கு விசுவாசம் இல்லை என்று யார் சொல்ல முடியும்? கடவுள் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. உறங்க விட்டார், வானதூதர் வழியாக அப்பமும் தண்ணீரும் அளித்தார். அதன் பிறகே அவரோடு பேசினார்.

நாம் எவற்றைக் கவனிக்க வேண்டும்?

முதலாவது, இயல்பில் மாற்றம். பிறவியிலேயே அதிகம் பேசாதவர் நோயாளி அல்லர். கலகலப்பானவர் ஒதுங்கிக்கொள்வதும், பாடகர் குழுவில் முன்நின்றவர் கோவிலுக்கு வரவே மறுப்பதும் கவனிக்க வேண்டியவை. தூக்கம் கெடுவது, சாப்பாடு குறைவது, குளிக்கவும் மனமில்லாதிருப்பது, ஒப்புரவு அருட்சாதனம் பெற்ற பின்னும் "எனக்கு மன்னிப்பே இல்லை" என்று ஓயாது புலம்புவது போன்றவை இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள். தைராய்டு குறைபாடு போன்ற உடல்நோய்களும் இப்படி வெளிப்படலாம்.

இரண்டாவது, உண்மை நிலையிலிருந்து விலகுதல். இல்லாத குரல் கேட்பது, வீட்டாரே விஷம் வைப்பதாக நம்புவது, பல நாள் தூங்காமலேயே மிதமிஞ்சிய உற்சாகத்தோடு பேசிப் பணத்தை வாரியிறைப்பது. இவற்றுக்கு இரண்டு வாரம் காத்திருக்கக் கூடாது. பிள்ளை பெற்ற தாயிடம் தென்பட்டால் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

மூன்றாவது, சாவைப் பற்றிய பேச்சு. "நான் இல்லாவிட்டால் உங்களுக்கு நிம்மதி" என்று சொன்னால் அதட்டி அடக்காதீர்கள். "சாக வேண்டும் என்று தோன்றுகிறதா?" என்று கனிவோடு நேரடியாகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் உண்டாகிவிடாது. அவரைத் தனியே விடாதீர்கள். பூச்சிமருந்தையும் மாத்திரைகளையும் அப்புறப்படுத்தி, உடனே மருத்துவமனைக்குக் கூட்டிச் செல்லுங்கள். 2022-இல் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் உதவி எண் 14416. இரவு பகல் எந்நேரமும் தமிழிலும் இலவசமாகப் பேசலாம்.

"சாமி, மந்திரித்துவிடுங்கள்" என்று பிள்ளையை அழைத்து வரும் பெற்றோரின் வேதனை எங்களுக்குப் புரிகிறது. ஆனால் பேயின் பிடி வேறு, மனநோய் வேறு; நோயைக் கவனிப்பது மருத்துவத்தின் பணி என்று கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வியே (எண் 1673) தெளிவுபடுத்துகிறது. ஆயரின் தனிப்பட்ட அனுமதியின்றி எந்தக் குருவும் பேயோட்டக் கூடாது என்பது திருச்சபைச் சட்டம். நோயுற்றவரைச் சங்கிலியால் கட்டுவதை 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமும் தடை செய்கிறது.

எனவே செபியுங்கள், மருந்தும் கொடுங்கள். தியானத்திற்குப் போய்வந்ததும் சுகமாகிவிட்டது என்று மருத்துவரைக் கேளாமல் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். அன்பியத்தில் இப்படி ஒரு குடும்பம் இருந்தால் ஏளனமாகப் பேசாமல், மருத்துவமனைக்குத் துணையாகச் செல்லுங்கள். எலியாவுக்கு அப்பம் கொண்டுவந்த வானதூதரின் பணி இன்று நம் கைகளில் தரப்பட்டுள்ளது. அதை அன்போடு செய்ய இறைவன் நமக்கு அருள்தருவாராக.