விறகடுப்புப் புகைபோக்கிக்கு உட்குழாய் பொருத்துதல்

புகைபோக்கி உட்குழாய் என்பது செங்கல்லால் கட்டிய பழைய புகைபோக்கிக்குள் மேலிருந்து கீழ்வரை இறக்கப்படும் உலோகக் குழாய் ஆகும். அடுப்பின் சூடான புகை செங்கல்லைத் தொடாமல் இதன் வழியே வெளியேறும். குளிர்நாடுகளில் கணப்புக்காக இது பரவலாகப் பொருத்தப்படுகிறது. நம் பகுதியில் இதன் தேவை சமையலறையிலும் வெந்நீர் அடுப்பிலும்தான். கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் எரிவாயு வந்த வீடுகளிலும் குளிக்க வெந்நீர் வைக்க, நெல் அவிக்க, விசேஷ நாட்களில் பெரிய பாத்திரத்தில் சமைக்க விறகுதான் எரிகிறது. கல்வராயன் மலையில் வெள்ளிமலை, கரியாலூர்ப் பக்கம் மார்கழிக் குளிரில் வெந்நீர் அடுப்பு விடியும் முன்பே எரியத் தொடங்கிவிடும்.

செங்கல் புகைபோக்கி இருந்தும் அடுக்களையில் புகை நிற்கிறதே, ஏன்?

புகை மேலே போவது எப்படி?

சூடான காற்று அடர்த்தி குறைந்தது. புகைபோக்கிக்குள் இருக்கும் காற்று, வெளியே அதே உயரத்திற்கு நிற்கும் காற்றைவிட எடை குறைவு. இந்த வேறுபாடுதான் புகையை மேலே தள்ளுகிறது. இதனைக் காற்றிழுப்பு என்பர். 3 மீட்டர் உயரப் புகைபோக்கியில், வெளிக்காற்று 30 பாகை செல்சியசும் புகை 150 பாகையும் இருந்தால், காற்றிழுப்பு ஏறத்தாழ 10 பாஸ்கல். இது 1 மில்லிமீட்டர் உயரத் தண்ணீரின் அழுத்தம் மட்டுமே! அதே புகை 80 பாகைக்குக் குளிர்ந்துவிட்டால் இழுப்பு 5 பாஸ்கலாகக் குறையும். பாதி போயிற்று. ஆகவே புகையைக் கடைசிவரை சூடாக வைத்திருப்பதே முதல் வேலை.

பழைய புகைபோக்கி பெரும்பாலும் 9 அங்குலச் சதுரமாக இருக்கும். அதன் பரப்பு 81 சதுர அங்குலம். 4 அங்குல விட்டமுள்ள குழாயின் பரப்பு 12.6 சதுர அங்குலம்தான். அதே அளவு புகை அகலமான வழியில் ஆறு மடங்கு மெதுவாக நகர்ந்து, குளிர்ந்த செங்கல்லில் சூட்டை இழக்கிறது. அப்போது அதிலுள்ள நீராவியும் எரியாத தாரும் சுவரில் படிந்து கரிப்பிசின் ஆகின்றன. இது தீப்பிடிக்கும் பொருள். செங்கல் இணைப்புகளில் விரிசல் இருந்தால், கண்ணுக்குத் தெரியாத கார்பன் மோனாக்சைடும் அதன் வழியே வீட்டுக்குள் கசியும்.

பொருத்தும் முறை

முதலில் பழைய வழியைச் சோதிக்க வேண்டும். குருவிக்கூடு, குளவிக்கூடு இருந்தால் அகற்றவும். ஈர வைக்கோலைச் சிறிது கொளுத்தி, புகை வந்ததும் மேல்வாயை ஈரச் சாக்கால் மூடினால், சுவரில் எங்கெங்கே கசிகிறது என்று தெரியும். தூக்குக்குண்டு கட்டிய கயிற்றை இறக்கி உயரத்தை அளக்கவும்.

குழாயின் விட்டம் அடுப்பின் புகைத்துளையைவிடக் குறையக் கூடாது. துருப்பிடிக்காத எஃகுக் குழாய் நல்லது. ஜி.ஐ. குழாய் மலிவு என்றாலும், 200 பாகைக்கு மேல் தொடர்ந்து சூடானால் அதன் துத்தநாகப் பூச்சு உரியும். எனவே அடுப்பை ஒட்டிய முதல் 3 அடிக்காவது எஃகு வேண்டும். பி.வி.சி. குழாயை ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள். அது 80 பாகை அளவிலேயே இளகிவிடும். எரிந்தால் நச்சு வாயு வரும். முற்காலத்துப் புகையில்லா அடுப்புகளுக்கு வைத்த கல்நார்க் குழாய் வீட்டில் இருந்தால் அதனை அறுக்கவோ உடைக்கவோ வேண்டாம். அதன் தூசு நுரையீரல் புற்றுநோயை உண்டாக்கும்.

புகைபோக்கியின் அடியில் 'டீ' இணைப்பை ஒரு செங்கல் மேடைமேல் நிறுத்தவும். அதன் பக்கவாய் அடுப்பை நோக்கியும், அடிவாய் கழற்றக்கூடிய மூடியுடனும் இருக்க வேண்டும். பிறகு ஒருவர் கூரைமேல் நின்று கம்பியில் கட்டிய முதல் குழாயை இறக்க வேண்டும். அதன் வாய் மேலே எட்டும் அளவில் நிறுத்தி, அடுத்த குழாயைச் செருகி, ஒவ்வொரு இணைப்பிலும் மூன்று திருகாணி போட்டு, மேலும் இறக்க வேண்டும். ஓட்டு வீடானால் கால் வைக்கப் பலகை போட்டுக்கொள்ளுங்கள்.

இங்கே ஒரு தவறு எளிதில் நேரும், நானே செய்தேன். மேல்குழாயின் சுருங்கிய முனை கீழ்க்குழாயின் வாய்க்குள் இறங்க வேண்டும். மழைநீர்க் குழாய்க்கும் அப்படித்தானே? ஆனால் புகை மேலே போகிறது என்று எண்ணி நான் தலைகீழாக மாட்டினேன். ஒரு மாதத்தில் கரிப்பிசின் இணைப்புகளின் வழியே வெளியே ஒழுகிச் சுவரெல்லாம் பழுப்பாயிற்று. எல்லாவற்றையும் கழற்றி மறுபடி மாட்ட வேண்டியிருந்தது.

குழாய்க்கும் செங்கல்லுக்கும் நடுவிலுள்ள இடைவெளியில் எதையும் அடைக்க வேண்டாம். அசையாத காற்றே சூட்டைக் காக்கும். மேல்வாயைத் தகடும் சிமெண்டும் கொண்டும், கீழ்வாயைக் களிமண்ணாலும் மூடினால் போதும். அமெரிக்க விதிப்படி குழாயின் வாய் கூரையைத் துளைக்கும் இடத்திலிருந்து 3 அடியும், 10 அடி சுற்றளவில் உள்ள எதைவிடவும் 2 அடியும் உயர்ந்திருக்க வேண்டும். நமக்கும் இது பொருந்தும். மழைத்தொப்பிக்கும் குழாய் வாய்க்கும் இடையே குழாயின் விட்டம் அளவாவது இடைவெளி விடவும்.

முடிந்ததும் சிறு தீ மூட்டி, அடுப்பின் வாயில் ஊதுபத்தியைப் பிடித்துப் பாருங்கள். அதன் புகை உள்ளே இழுக்கப்பட வேண்டும். இழுக்காவிட்டால் சன்னலைத் திறந்து மீண்டும் பார்க்கவும். வெளியேறும் காற்றுக்கு ஈடாக வெளிக்காற்று வர வழி வேண்டுமல்லவா?

கூரை வீடுகளில்

புல்லோ கரும்புச் சோகையோ வேய்ந்த வீட்டில் குழாயைக் கூரை வழியே விடுவது ஆபத்து. ஒற்றைத் தகட்டுக் குழாய்க்கும் எரியும் பொருளுக்கும் நடுவே ஒன்றரை அடி இடைவெளி வேண்டும். மண்சுவர் வழியே வெளியே எடுத்து, இறவாணத்திலிருந்து அதே தூரம் தள்ளி மேலே ஏற்றலாம். ஆயினும் மேல்வாயிலிருந்து பறக்கும் பொறி இருக்கவே செய்யும். இத்தகைய வீடுகளில் அடுப்பையே தனியாகத் தகரக் கொட்டகைக்கு மாற்றுவதுதான் சரி என்பது என் கருத்து.

பராமரிப்பு

இந்திய அரசு 1983இல் தொடங்கிய மேம்பட்ட அடுப்புத் திட்டம் கோடிக்கணக்கான அடுப்புகளைக் கொடுத்து 2002இல் முடிந்தது. பின்னர் ஒடிசாவில் ரீமா ஹன்னா, எஸ்தர் டுஃப்லோ, மைக்கேல் கிரீன்ஸ்டோன் ஆகியோர் நடத்தி 2016இல் வெளியிட்ட ஆய்வில், புகைபோக்கி உள்ள அடுப்புகளால் முதலாண்டில் சுவாசிக்கும் புகை குறைந்ததும், பிறகு அந்தப் பயன் மறைந்ததும் தெரிந்தது. மக்கள் அடுப்பை ஒழுங்காகப் பயன்படுத்தவும் இல்லை, பழுது பார்க்கவும் இல்லை.

தினமும் எரியும் அடுப்பானால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கயிற்றில் தேங்காய் நார்க் கற்றையைக் கட்டி மேலும் கீழும் இழுத்து, அடிமூடியைக் கழற்றிக் கரியை எடுக்கவும். பச்சை விறகில் எடையில் பாதி தண்ணீர்தான். அதை எரித்தால் கரிப்பிசின் விரைவில் சேரும். குழாய்க்குள் தீப்பிடித்தால் பெருங்காற்று வீசுவது போன்ற இரைச்சல் கேட்கும். உடனே அடுப்பின் வாயைத் தகட்டால் மூடிக் காற்றை நிறுத்துங்கள். குழாயில் தண்ணீர் ஊற்றினால் அது வெடிக்கலாம். எல்லோரையும் வெளியேற்றிவிட்டு 101க்கு அழைக்கவும். அணைந்த பிறகு குழாய் முழுவதையும் கழற்றி, நெளிவும் ஓட்டையும் பார்க்காமல் அடுப்பை மூட்டக் கூடாது.