அடுப்பங்கரைக்கு மட்டும் ஏன் அழுமூஞ்சி நிறம்?

கூடத்துக்கு ஒரு வர்ணம், வாசல் திண்ணைக்கு ஒரு வர்ணம், சாமி அலமாரிக்குக்கூடப் பளபளவென்று வார்னிஷ். அடுப்பங்கரை என்று வந்துவிட்டால் மட்டும், "அங்க எதுக்கு? எப்படியும் கரி பிடிக்கத்தானே போவுது" என்று மிச்சம் மீதி இருப்பதை அள்ளிப் பூசிவிடுவார்கள். உங்கள் வீட்டில் எப்படியோ, கும்பகோணத்தில் எங்கள் வீட்டில் இருபத்து நாலு வருஷம் இதே கதைதான்.

மாமனார் காலத்து ஓட்டு வீடு. சமையலறைக்குக் கிழக்கே ஒரே ஒரு ஜன்னல். காஸ் அடுப்பு வந்து எத்தனையோ வருஷமாகியும் விறகடுப்புக் காலத்துப் புகை சுவரை விட்டுப் போகவில்லை. மேலே சுண்ணாம்பு அடித்தால் மூன்றே மாதத்தில் பழுப்பாகக் கசிந்து வெளியே வந்துவிடும். போதாக்குறைக்குக் கறுப்பு கிரானைட் மேடை, சிவப்பு சிமெண்டுத் தரை. பகலிலேயே விளக்குப் போட்டுக்கொண்டுதான் அரிசியில் கல் பொறுக்குவேன்.

2022-ல் என் மூத்த மகளுக்குத் தலைப்பிரசவம். வளைகாப்பு முடித்து இங்கே அழைத்து வரவேண்டும். அந்தச் சாக்கில் வெள்ளையடிக்க இவர் சம்மதித்தார். "வெள்ளை வேண்டாம், இந்தத் தடவை நல்ல பளிச் வர்ணம்" என்றேன். அத்தைக்குச் சுருக்கென்றது. "அடுப்பங்கரைன்னா வெள்ளையாத்தான் இருக்கணும். இது என்ன நாடகக் கொட்டகையா?" என்றார். நான் விடவில்லை. சுண்ணாம்பில் நீலம் கலந்து அடித்ததும், சுவரின் அடியில் ஒரு முழ உயரத்துக்குக் காவிப் பட்டை தீட்டியதும் நம் பெரியவர்கள்தானே? துடைப்பத் தண்ணீர் தெறித்தாலும் காவியில் கறை தெரியாது. காரணத்தோடுதான் செய்திருக்கிறார்கள்.

கட்டடக் கலை படிக்கும் என் மகன் வேறொரு கதை சொன்னான். ஜெர்மனியில் பிராங்க்ஃபர்ட் நகரத்தில் 1926-ல், புதிதாகக் கட்டிய தொழிலாளர் குடியிருப்புகளுக்கென்று மார்கரெட்டே ஷுட்டே-லிஹோட்ஸ்கி என்ற பெண் ஒரு சமையலறையை வடிவமைத்தார். சின்ன அறைதான், எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில். அதன் அலமாரிகளுக்கு நீலமும் பச்சையும் கலந்த நிறம் அடித்தார்களாம். அந்த நிறத்தில் ஈ உட்காராது என்று அப்போது நம்பினார்கள். அந்த அம்மாளுக்கே அதற்கு முன்னால் சமைத்துப் பழக்கமில்லை என்பது இன்னொரு வேடிக்கை.

அந்தக் கதையைக் கேட்ட உற்சாகத்தில் நான் தேர்ந்தெடுத்தது கிளிப்பச்சை. கடையில் நிற அட்டையைப் பார்த்தேன். தீப்பெட்டி அளவு சதுரத்தில் அழகாக, தளிர் மாதிரி இருந்தது. நாலு சுவரிலும் அடிக்கச் சொல்லிவிட்டேன்.

மறுநாள் காலை இவர் காப்பி வாங்க வந்தவர் என்னை உற்றுப் பார்த்து, "என்ன, உடம்பு சரியில்லையா?" என்றார். எனக்கு ஒன்றுமில்லை, சுவர் வெளிச்சம் என் முகத்தில் விழுந்திருக்கிறது. தோசை, தேங்காய்ச் சட்னி எல்லாவற்றுக்கும் ஒரு நோயாளிக் களை. கீரை வாடியிருக்கிறதா, வெங்காயம் பொன்னிறமாகிவிட்டதா, ஒன்றும் சொல்ல முடியவில்லை. வெளிச்சம் சுவரில் பட்டுத் திரும்பும்போது அந்த நிறத்தையும் எடுத்துக்கொண்டு வருகிறது. நாலு சுவரும் ஒன்றின் மேல் ஒன்று அடித்துக்கொள்ளும்போது அட்டையில் பார்த்ததைவிட இரண்டு மடங்கு அழுத்தமாகிவிடுகிறது. நான் செய்த தப்பை நீங்கள் செய்யாதீர்கள். சின்ன டப்பா ஒன்று வாங்கி, இரண்டடி அட்டையில் அடித்துச் சுவரில் சாய்த்துவையுங்கள். காலை, உச்சி வேளை, ராத்திரி விளக்கு வெளிச்சம் மூன்றிலும் பாருங்கள். அந்த அட்டைக்குப் பக்கத்தில் ஒரு தட்டில் சாதமும் வையுங்கள்.

இவர் முணுமுணுத்துக்கொண்டே மறுபடி பணம் கொடுத்தார். இந்தத் தடவை யோசித்தேன். மூன்று சுவருக்கு லேசான தந்த நிறம். ஜன்னலுக்கு எதிர்ச்சுவர் ஒன்றுக்கு மட்டும் பழுத்த மாம்பழ மஞ்சள். காலை வெயில் நேரே அதில் விழுந்து அறை முழுக்கப் பரவுகிறது. அடுப்புக்குப் பின்னால் மட்டும் வெள்ளை டைல்ஸ், எண்ணெய் தெறித்தால் துடைத்துவிடலாம். பழைய கரிச் சுவரைச் சோப்புத் தண்ணீர் விட்டுக் கழுவி, காயவைத்து, கறை கசியாத ப்ரைமர் அடித்த பிறகுதான் வர்ணம். அதைத் தவிர்த்தால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் பழுப்பு எட்டிப்பார்க்கும்.

இனி நான் சொல்லப் போவதைக் கைக்குழந்தைக்காரிகளும் கர்ப்பிணிகளும் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள்.

சமையலறைக் கதவில் பல வருஷத்துப் பச்சை எனாமல் பெயிண்டு, பொருக்குப் பொருக்காக உதிர்ந்துகொண்டிருந்தது. பெயிண்டர் உப்புத்தாளால் வறட்டு வறட்டென்று தேய்க்க ஆரம்பித்தார். சமையலறை முழுக்கப் பச்சைத் தூள். அன்றைக்குப் பார்த்து என் மகள் பத்து நாள் முன்னதாகவே பெட்டியும் கையுமாக வந்து நிற்கிறாள். பெயிண்டு வாசனை ஆகுமா என்று கேட்க அவளைப் பார்க்கும் டாக்டரம்மாவுக்குப் போன் செய்தோம். "வாசனை இருக்கட்டும், தேய்க்கிறது பழைய பெயிண்டா? முதல்ல அந்தப் பெண்ணை அங்கிருந்து அனுப்புங்க" என்றார். வயிற்றைப் புரட்டிவிட்டது எனக்கு. அப்படியே ஆட்டோ வைத்து என் தங்கை வீட்டுக்கு அனுப்பினேன்.

விஷயம் இதுதான். அந்தக் காலத்து எனாமலில் பளிச்சென்ற மஞ்சள், ஆரஞ்சு, பச்சை நிறங்களுக்கு ஈயம் சேர்ந்த வர்ணப் பொடிகளைக் கலப்பார்கள். ஈயத் தூள் மூச்சிலும் வாயிலும் போனால் குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். கர்ப்பிணியின் ரத்தத்திலிருந்து வயிற்றுக் குழந்தைக்கும் போய்ச் சேரும். தவழும் குழந்தை உதிர்ந்த பொருக்கை எடுத்து வாயில் போட்டுக்கொள்ளாதா? நம் நாட்டில் வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்று 2016-ல் விதி போட்டு, 2017 நவம்பர் முதல் அமலுக்கு வந்தது. டப்பாவில் அதைப் பற்றிய வரி அச்சிட்டிருக்கும், பார்த்து வாங்குங்கள். ஆனால் அதற்கு முன்பே அடித்த பெயிண்டு இன்னமும் நம் கதவு ஜன்னல்களில்தானே இருக்கிறது? அதை வறட்டாகத் தேய்க்காதீர்கள், நெருப்பு காட்டிச் சுரண்டவும் விடாதீர்கள். நனைத்து நனைத்துத் தேய்த்து, ஈரத்துணியால் துடைத்து, பொருக்கையெல்லாம் சேர்த்துக் கட்டி அப்புறப்படுத்த வேண்டும். கர்ப்பிணியும் குழந்தைகளும் அந்தப் பக்கமே வரக்கூடாது. எங்கள் வீட்டில் தரை, மேடை, பாத்திரம் எல்லாவற்றையும் இரண்டு முறை கழுவிய பிறகுதான் மகளை அழைத்து வந்தேன்.

அத்தை விஷயத்துக்கு வருகிறேன். அவருக்கு எழுபத்து நாலு வயசு, இரண்டு கண்ணிலும் புரை. கொல்லைப்புறம் இறங்கும் படி தரையைப் போலவே சிவப்பு. அது தெரியாமல் தடுக்கி முழங்கை சிராய்த்துக்கொண்டார். வேறொரு நாள் பாயசத்தில் சர்க்கரைக்குப் பதில் உப்பைக் கொட்டிவிட்டார். சர்க்கரை டப்பாவுக்குக் கரு நீல மூடி, உப்பு டப்பாவுக்குக் கறுப்பு மூடி. "ரெண்டும் ஒரே மாதிரி வச்சா எப்படிம்மா?" என்று என்மேல் பாய்ந்தார். நான் வாயை மூடிக்கொண்டேன். புரை விழுந்த கண்ணில் லென்ஸ் மஞ்சளித்துப் போவதால் நீலம் மங்கிக் கறுப்போடு சேர்ந்துவிடும் என்று கண் டாக்டர் அப்புறம்தான் சொன்னார். பாவம், அவர் மேல் தப்பில்லை.

மீதியிருந்த மஞ்சளில் படியின் விளிம்பில் இரண்டு அங்குலப் பட்டை அடித்தேன். சிவப்புத் தரையில் அது மட்டும் தூக்கித் தெரிந்தது. டப்பா மூடிகளைச் சிவப்பு, வெள்ளை என்று மாற்றினேன். கறுப்பு மேடையில் காய் நறுக்க ஒரு வெள்ளைப் பலகை வைத்தேன். கத்தி எங்கே கிடக்கிறது என்று அவர் தடவிப் பார்ப்பது நின்றது.

மஞ்சள் சுவரைப் பற்றி அத்தை ஒன்றும் சொல்லவில்லையே என்று எனக்கு ஆச்சரியம். ஒருநாள் அவரே, "பரவாயில்லடி, சந்தனம் மாதிரி அடக்கமாத்தான் அடிச்சிருக்க" என்றார். நான் மறுத்துப் பேசவில்லை.

பேரன் பிறந்து அவன் தவழத் தொடங்கிய பிறகு, 2023-ல் அத்தைக்குக் கண் ஆபரேஷன் ஆயிற்று. கட்டுப் பிரித்து வீட்டுக்கு வந்ததும் காப்பி கேட்டு நேரே அடுப்பங்கரைக்கு வந்தார். வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

"ஏன்டி, இதையா நான் சந்தனம்னேன்? மஞ்சத் தண்ணியைக் குடத்தோட ஊத்துன மாதிரியில்ல இருக்கு!"

காப்பியை மட்டும் அந்தச் சுவருக்கு எதிரே உட்கார்ந்துதான் குடித்தார்.