யாரை முதலில் எடுப்பது?



ஒரகடம் தொழிற்சாலைகளுக்கு நடுவே உள்ள பொட்டலில் கிரிக்கெட் ஆடும்போது, இரண்டு கேப்டன்கள் மாறி மாறி ஆள் எடுப்பீர்கள் அல்லவா? யார்க்கர் மட்டுமே நன்றாகப் போடும் பையனை முதலில் எடுப்பீர்களா, கடைசியிலா?

அமெரிக்கக் கால்பந்திலும் இதே கேள்விதான். அங்கே கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைப்பதற்கென்றே 'கிக்கர்' உண்டு. ஆண்டுதோறும் கல்லூரி வீரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும். 2016-இல் ராபர்டோ அகுவாயோ என்ற கிக்கரை டேம்பா பே அணி 59-ஆவது ஆளாகவே எடுத்துவிட்டது. கிக்கருக்கு அது மிக முன்வரிசை! அந்தப் பருவத்தில் அவர் 31 முறை கோலுக்கு உதைத்தார். 22 தான் தேறியது. மறு ஆண்டே அனுப்பிவிட்டார்கள். இத்தகைய தேர்வில் எவருமே எடுக்காத ஆடம் வினட்டியேரியோ, பின்னாளில் 2,673 புள்ளிகள் குவித்துச் சாதனை படைத்தார்!

நம் சேலம் சின்னப்பம்பட்டி நடராஜன் யார்க்கருக்குப் பேர்போனவர். 2017 ஐ.பி.எல். ஏலத்தில் பஞ்சாப் அணி 3 கோடி ரூபாய் கொடுத்தது; கிடைத்தது 2 விக்கெட். 2018-இல் ஐதராபாத் அணி அவரை 40 லட்சத்துக்கு எடுத்தது. 2020-இல் 16 விக்கெட்! அதே ஆண்டு இந்திய அணியிலும் ஆடினார்.

ஏன் இப்படி? ஒரே வேலைக்காரருக்கு வாய்ப்பு எப்போதாவதுதான் வரும். அந்த நேரத்தில் மனம் பதறுமா என்பது விலையிலும் தெரியாது, வரிசையிலும் தெரியாது.

ஆகவே கேப்டன்களே, எல்லாம் ஆடுபவரை முதலில் எடுங்கள். ஆனால் யார்க்கர் பையனை விட்டுவிடாதீர்கள். கடைசி ஓவருக்கு அவன் வேண்டும்.

கடைசி ஆளாக நிற்பவன் நீயா? கவலைப்படாதே கண்ணு, பயிற்சியை விடாதே!