காலரா நஞ்சு

காலராவை உண்டாக்கும் விப்ரியோ காலரே என்ற பாக்டீரியா குடலைத் துளைப்பதில்லை, இரத்தத்தில் பரவுவதும் இல்லை. சிறுகுடலின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு ஒரு புரதத்தைச் சுரக்கிறது. அந்தப் புரதமே காலரா நஞ்சு. உயிரைப் பறிக்கும் பேதி அதன் வேலை.

இந்த நஞ்சு கண்டறியப்படுவதற்கு முன், 1920களில், மலாயாத் தோட்டங்களுக்கான தமிழ்த் தொழிலாளர்கள் நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறினர். காலராவும் பெரியம்மையும் கூடவே வந்துவிடும் என்ற அச்சத்தால், கரையிறங்கியவர்களைத் தனிமை முகாமில் வைத்திருந்த பிறகே தோட்டத்துக்கு அனுப்பினார்கள். கிருமி எது என்பது அப்போதே தெரியும். 1884இல் கல்கத்தாவில் நுண்ணுயிரியலாளர் ராபர்ட் கோக் அதைப் பிரித்தெடுத்திருந்தார். அது நஞ்சால் கொல்கிறது என்றும் ஊகித்தார். ஆனால் பின்வந்தவர்கள் அந்த நஞ்சை இரத்தத்திலும் வயிற்றறையிலும் தேடிக் காலம் கழித்தனர்.

தேட வேண்டிய இடத்தில், குடலில், தேடியவர் கல்கத்தா ஆய்வாளர் சம்பு நாத் டே. முயலின் சிறுகுடலில் ஒரு துண்டை இருபுறமும் நூலால் கட்டி, உள்ளே கிருமியைச் செலுத்தினார். துண்டு நீர் கோத்து வீங்கியது. 1959இல் கிருமியை முற்றாக வடிகட்டி நீக்கிய திரவத்தைச் செலுத்தினார், அப்போதும் வீங்கியது. நஞ்சு அந்தத் திரவத்தில் இருந்தது. இத்தனை எளிய சோதனைக்கு உரிய பெருமை அவருக்கு வாழ்நாளில் கிட்டவில்லை.

இந்த நஞ்சுப் புரதத்தில் ஆறு கூறுகள். ஒரே மாதிரியான ஐந்து கூறுகள் குடல் செல்லின் மேற்பரப்பிலுள்ள ஜிஎம்1 என்ற கொழுப்பு மூலக்கூறைப் பற்றிக்கொள்கின்றன. ஆறாவது கூறிலிருந்து பிரியும் ஒரு பகுதி செல்லுக்குள் நுழைந்து, அங்குள்ள ஒரு சமிக்ஞைப் புரதத்தை அணையவிடாமல் செய்கிறது. அதனால் செல்லுக்குள் செய்தி கடத்தும் சைக்ளிக் ஏஎம்பி என்ற மூலக்கூறு பெருகுகிறது. குளோரைடு குடலுக்குள் கொட்டுகிறது. உப்பைத் தொடர்ந்து நீரும் போகிறது. திறந்த மடையை மூட ஆளில்லாத நிலை. கடும் நோயில் மணிக்கு ஒரு லிட்டர் வரை வெளியேறும்.

இவ்வளவுக்கும் குடல் செல்கள் சாவதில்லை. சர்க்கரையோடு சேர்த்து உப்பை உறிஞ்சும் வழி பழுதின்றி இருக்கிறது. 1971இல் மேற்கு வங்கத்தின் பங்கான் அகதி முகாமில் மருத்துவர் திலீப் மஹலானபிஸ் உப்புச் சர்க்கரைக் கரைசலைக் குடிக்கக் கொடுத்தபோது, ஏறத்தாழ 30 சதவீதமாக இருந்த இறப்பு 3.6 ஆகக் குறைந்தது.

நஞ்சுக்கான மரபணு பாக்டீரியாவுக்குச் சொந்தமானதல்ல, ஒரு வைரஸ் கொண்டுவந்து சேர்த்தது. அதனால் கிருமியின் மேலுறை மாறினாலும் நஞ்சு தொடரலாம். 1992இல் சென்னையில் தலைகாட்டிய ஓ139 வகை அப்படிப்பட்டது. முன்பு காலரா கண்டவர்களின் எதிர்ப்புச் சக்தி அதனிடம் பலிக்கவில்லை. உப்புச் சர்க்கரைக் கரைசல் பலித்தது.